லோ கொலேஜ் என்ட்ரன்ஸ்: நம்மட பக்கத்துப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

இலங்கைச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வாழைச்சேனையில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எனக்கு வொய்ஸ் மெசேஜ் போடுவாங்க, கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதில பாதிக்கு மேல படிச்சுப் படிச்சு வெறுத்துப்போய்க் கேக்கிற கேள்விகள். நான் அந்தப் பரீட்சை எழுதி உள்ள போய்ப் படிச்சு முடிச்சு இப்ப மட்டக்களப்பில ஒரு சீனியர் சட்டத்தரணியிட்ட அப்ரெண்டிஸா இருக்கன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பதில் சொல்லி முடிக்க ஏலாது, அதால எல்லாத்தையும் இதில சேர்த்திருக்கன். கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கன், பேர் போடல.

அக்கா, லோ என்ட்ரன்ஸ் எண்டா சட்டத்தில இருந்தா கேப்பாங்க? எனக்கு ஒரு சட்டமும் தெரியாதே

இல்ல, சட்டம் தெரிஞ்சிருக்கத் தேவையில்ல. ரெண்டு பகுதி. ஒண்டு மொழி, மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். பொது அறிவுக்குள்ள அரசியலமைப்பு, பாராளுமன்றம், நீதிமன்றம் எண்டு கொஞ்சம் வரும், ஆனா அது பேப்பர் வாசிக்கிற ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய அளவுதான்.

கீழ எழுதப்போற எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான்: இந்தப் பரீட்சை நீங்க எவ்வளவு பாடமாக்கி வெச்சிருக்கீங்க எண்டு பார்க்கிறத விட, ஒரு வசனத்த எவ்வளவு கவனமா வாசிக்கிறீங்க எண்டுதான் பார்க்குது. நம்ம பழகின படிப்பு நோட்ஸ் எழுதி மனப்பாடம் பண்ற படிப்பு. அந்த முறையோட இதுக்குள்ள இறங்கினா எவ்வளவு படிச்சாலும் படிச்ச மாதிரியே இருக்காது, அங்கதான் வெறுப்பு தொடங்குது.

கெம்பஸ் எல்எல்பியும் லோ கொலேஜும் ஒண்டா? வீட்டில கேக்கிறாங்க, எனக்கு விளங்கப்படுத்தத் தெரியல

ஒண்டில்ல. எல்எல்பி எண்டுறது சட்டப் பட்டம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் போல பல்கலைக்கழகங்களுக்கு ஏஎல் (உயர்தரம்) இசட் ஸ்கோரில போற. வந்தாறுமூலையில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் ஒலுவில்ல இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் சட்ட பீடம் இல்ல, அதால கிழக்கில இருக்கிற பிள்ளை கெம்பஸால போனாலும் லோ கொலேஜால போனாலும் வெளியூர்தான். லோ கொலேஜ் எண்டுறது கொழும்பு புதுக்கடையில, கோட்டுக் கட்டடங்களுக்குப் பக்கத்தில இருக்கிற சட்டக் கல்லூரி, 1874ல தொடங்கினது. அங்க மூண்டு வருசம் படிச்சு, மறுகா ஆறு மாசம் ஒரு சீனியரிட்ட பயிற்சி எடுத்து, உயர் நீதிமன்றத்தில சத்தியப்பிரமாணம் செய்தாத்தான் சட்டத்தரணி.

எல்எல்பி முடிச்சவங்களும் சட்டத்தரணியாகணும் எண்டா லோ கொலேஜால வரத்தான் வேணும், ஆனா அவங்க இந்த என்ட்ரன்ஸ் எழுதத் தேவையில்ல. வீட்டில இதச் சொல்லுங்க: கெம்பஸ் கிடைக்காட்டியும் சட்டத்தரணியாக நேர் வழி ஒண்டு இருக்கு, அதுக்குத்தான் இந்தச் சோதினை.

நான் ஏஎல் பயோ செய்த, ரிசல்ட் சரியா வரல. ஆர்ட்ஸ் செய்யாத ஆக்கள் போடலாமா ராத்தா?

போடலாம். பாடத்துறை பிரச்சின இல்ல, பயோ, கொமர்ஸ், மெட்ஸ் செய்தவங்க கனபேர் உள்ள இருக்காங்க. ஆனா தகைமை விசயத்தில ஃபேஸ்புக்ல ஆரோ சொன்னத நம்பாதீங்க. ஒவ்வொரு வருசமும் வர்ற அறிவித்தல முழுசா வாசிங்க, முக்கியமா ஓஎல்ல (சாதாரண தரத்தில) மொழிப் பாடங்களுக்கு என்ன பெறுபேறு கேக்கிறாங்க, எத்தனை தடவையில எடுத்திருக்கணும் எண்டுறத உங்கட சேர்ட்டிபிகேட்ட பக்கத்தில வெச்சுப் பாருங்க. படிக்கத் தொடங்க முதலே பாருங்க. மாசக்கணக்காப் படிச்சுப் போட்டு அப்ளிகேசன் நிரப்பக்குள்ள ஓஎல் ரிசல்ட்டில தட்டுப்படுற பிள்ளைய நான் கண்டிருக்கன், அந்த அழுகைக்கு என்னால ஒண்டும் சொல்ல முடியல.

சிலபஸ் பிடிஎஃப் இருந்தா அனுப்புங்களன்

ஏஎல் மாதிரி அலகு அலகாப் பிரிச்ச சிலபஸ் இதுக்கு இல்ல. கனபேர் முதல் மாசத்தையே சிலபஸ் தேடித் தொலைக்கிறாங்க, மறுகா ஆரோ விக்கிற தடிச்ச புத்தகத்த வாங்கி அதுதான் சிலபஸ் எண்டு அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படிக்கிறாங்க. பாஸ்ட் பேப்பர்தான் உங்கட சிலபஸ். கிடைக்கிற எல்லாத்தையும் எடுங்க, முதல் சுற்றில விடை எழுதவே வேணாம், ஒவ்வொரு கேள்வியும் என்ன வகை எண்டு மட்டும் பக்கத்தில குறிச்சுக்கொண்டு போங்க. அஞ்சாறு பேப்பர் முடியக்குள்ள என்ன திரும்பத் திரும்ப வருது எண்டு உங்களுக்கே தெரியும்.

தமிழ்ப் பேப்பர்தானே, நம்மட மொழிதானே, அதுக்குமா இருந்து படிக்கணும்?

ஓம், இருந்து படிக்கணும். என்னட்ட வாற பிள்ளைகள் மார்க்ஸ விடுறது கூடுதலா இதிலதான். நம்ம கதைக்கிற தமிழ் வேற, எழுதுற தமிழ் வேற. "அவர்கள் வந்தது" எண்டு எழுதிப் போட்டு எங்க பிழை எண்டு கேக்கிற அளவுக்கு ஒருமை பன்மை நம்மட கையில இருந்து போயிட்டு. வல்லினம் எங்க மிகும், எங்க மிகாது, மரபுத்தொடர், ஒத்த சொல், எதிர்ச்சொல், பிழை திருத்தம், இதெல்லாம் ஓஎல்லோட மூடி வெச்ச விசயங்கள். அந்த ஓஎல் தமிழ்ப் புத்தகத்த திரும்ப எடுங்க, அது போதும், புதுசா ஒண்டும் வாங்க வேணாம்.

இலக்கணத்த விட வாசிச்சு விளங்கிறதிலதான் பெரிய இடி. ஒரு உதாரணம், நான் பிள்ளைகளுக்கு எழுதிக் குடுக்கிறது: "வாவியில் மீன் குறைந்ததற்குச் சிறுகண் வலைப் பாவனையும் ஒரு காரணமாகும்." இதுக்குப் பிறகு நாலு கூற்று குடுத்து பத்தியில இருந்து எது பெறப்படும் எண்டு கேட்டா, முக்கால்வாசிப் பேர் "சிறுகண் வலையைத் தடை செய்தால் மீன் பெருகும்" எண்டத எடுப்பாங்க. ஏன் எண்டா அது நமக்குச் சரியாப் படுது, வாவிக் கரையில பிறந்து வளந்த ஆக்களுக்கு அது தெரிஞ்ச விசயமும் கூட. ஆனா பத்தி அப்பிடிச் சொல்லல. சிறுகண் வலை ஒரு காரணம், வேற காரணங்களும் இருக்கு எண்டு மட்டும்தான் அதில இருந்து எடுக்க ஏலும். உங்களுக்குத் தெரிஞ்சது ஒரு பக்கம், பத்தியில இருக்கிறது ஒரு பக்கம், இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கப் பழகினா மொழிப் பேப்பரும் நுண்ணறிவும் ரெண்டுமே ஏறும். ஒவ்வொரு நாளும் பத்திரிகையில ஒரு ஆசிரியர் தலையங்கம் வாசிச்சு, அதில எழுதினவர் சொன்னது என்ன, சொல்லாதது என்ன எண்டு ரெண்டு வரி எழுதுங்க.

ஐகியூ எனக்கு வராது, நான் ஓஎல் மெட்ஸ் எஸ். இது பிறப்பில வாறதுதானே?

இல்ல, பழக்கத்தில வாறது. அதில வாற கணக்கு ஆறாம் ஏழாம் ஆண்டுக் கணக்குத்தான். ஒண்டு பாருங்க: 2024 ஜனவரி 1 திங்கக்கிழமை, அப்ப 2025 ஜனவரி 1 என்ன கிழமை? சாதாரண வருசத்தில 365 நாள், 7ஆல பிரிச்சா 1 மிச்சம், அதால ஒரு நாள் தள்ளும். 2024 லீப் வருசம், 366 நாள், மிச்சம் 2, அதால திங்களில இருந்து ரெண்டு தள்ளி புதன். இதில என்ன பெரிய மெட்ஸ் இருக்கு? தெரியாதவங்களுக்கு அஞ்சு நிமிசம், தெரிஞ்சவங்களுக்கு பத்து செக்கன், வித்தியாசம் அவ்வளவுதான். எண் தொடர், திசை, உறவுமுறை, குறியீட்டு மொழி எல்லாமே இப்பிடித்தான், வகைக்கு ஒரு வழி இருக்கு, அத ஒருக்காப் பிடிச்சிட்டா பிறகு வேகம்தான்.

தர்க்கக் கேள்வி மட்டும் வேற மாதிரி. "மீனவர்கள் எல்லாரும் நீந்தத் தெரிஞ்சவங்க. சில ஆசிரியர்கள் நீந்தத் தெரிஞ்சவங்க. ஆகவே சில ஆசிரியர்கள் மீனவர்கள்." சரியா பிழையா? பிழை. நீந்தத் தெரிஞ்ச ஆக்கள் எண்டு ஒரு பெரிய வட்டம் போடுங்க, மீனவர் வட்டம் முழுசா அதுக்குள்ள, ஆசிரியர் வட்டம் அந்தப் பெரிய வட்டத்த ஒரு பக்கத்தால வெட்டினாப் போதும், மீனவர் வட்டத்தத் தொடவே தேவையில்ல. ஊரில மீன்பிடிக்கப் போற வாத்தியார் ஒருத்தர் இருக்கார் எண்டு என்னோட சண்டை பிடிச்ச தம்பி ஒருத்தர் இருக்கார்! அதுதான் மேல மொழிக்குச் சொன்னது, உங்களுக்குத் தெரிஞ்சத அதுக்குள்ள கொண்டு வராதீங்க. தலையால யோசிக்காம கையால வட்டம் கீறுங்க.

ஜிகே எவ்வளவு படிச்சாலும் முடியுதில்ல, இண்டைக்குப் படிச்சது நாளைக்கு மறக்குது, பைத்தியம் பிடிக்குது அக்கா

முடியாதுதான், ஏன் எண்டா அதுக்கு முடிவு இல்ல. ஆயிரம் கேள்வி விடைப் புத்தகத்த வெச்சு ஒவ்வொரு வரியாப் பாடமாக்கினா மறக்கத்தான் செய்யும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தொடர்பு இல்லயே. ஒரு விசயத்த எடுத்தா அதுட வேர் வரைக்கும் போங்க. பாராளுமன்றத்தில 225 பேர் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதில 196 பேர் மாவட்டங்களில இருந்து, 29 பேர் தேசியப் பட்டியல். அந்த 196 எப்பிடி வந்த? 160 ஆசனம் வாக்காளர் தொகைப்படி, மிச்சம் 36 மாகாணத்துக்கு 4 படி 9 மாகாணத்துக்கும். இப்பிடி ஒருக்கா விளங்கினா ஒரே மூச்சில நாலஞ்சு கேள்விக்கு விடை தெரியும், மறக்கவும் மாட்டீங்க.

இன்னொண்டு, நம்மட பிள்ளைகள் விடவே கூடாத ஒண்டு. நிர்வாக மாவட்டம் 25, தேர்தல் மாவட்டம் 22. மூண்டு எங்க போச்சு? யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம், வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூண்டும் சேர்ந்து வன்னி. அங்க ஒண்டு, இங்க ரெண்டு குறைஞ்சிட்டு. அம்பாறை மாவட்டத்துக்கு தேர்தலில பேர் திகாமடுல்ல. கல்முனையிலயும் சம்மாந்துறையிலயும் வாக்குப் போடுற பிள்ளைகளே அம்பாறை எண்டு ஒரு தேர்தல் மாவட்டம் இருக்கு எண்டு நினைக்கிறாங்க! 2024 பாராளுமன்றத் தேர்தலில 22ல 21 மாவட்டத்த தேசிய மக்கள் சக்தி எடுத்திட்டு, மிஞ்சின ஒரே ஒரு மாவட்டம் மட்டக்களப்பு, அங்க தமிழரசுக் கட்சி. அம்பாறை தனி மாவட்டமானது 1961ல, அதுக்கு முதல் அதுவும் மட்டக்களப்போட இருந்த. விபுலாநந்த அடிகள் 1892ல பிறந்த காரைதீவும் இப்ப அம்பாறை மாவட்டம். பாருங்க, உங்கட ஊரில இருந்து தொடங்கினாலே ஒரு பக்கம் நிறையுது.

அரசியலமைப்புத் திருத்தங்களையும் இலக்கமா மட்டும் படிக்காதீங்க. 13வது 1987, மாகாண சபை. 17வது 2001ல சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு வழி செய்த, 18வது 2010ல ஜனாதிபதிட கைய பலப்படுத்தின, 19வது 2015ல குறைச்ச, 20வது 2020ல திரும்பக் கூட்டின, 21வது 2022ல திரும்பக் கொஞ்சம் குறைச்ச. கூட்டுறதும் குறைக்கிறதுமா ஒரு கதையாப் படிச்சா ஒண்டும் மறக்காது.

எல்சாட், கிளாட் எண்டு யூடியூப்ல நிறைய வீடியோ இருக்கே, அதப் பார்த்தாப் போதுமா?

ரெண்டும் வெளிநாட்டு நுழைவுச் சோதினைகள்: எல்சாட் அமெரிக்கா, கனடாப் பக்கத்துச் சட்டப் பள்ளிகளுக்கு, கிளாட் இந்தியாவுக்கு. எல்சாட்ல பொது அறிவே இல்ல, முழுக்க வாசிப்பும் தர்க்கமும்தான், லொஜிக் கேம்ஸ் எண்டு பேர் போன பகுதியையும் 2024 ஓகஸ்ட்ல இருந்து எடுத்திட்டாங்க, அதால பழைய வீடியோவில பாதி அந்தச் சோதினைக்கே இப்ப தேவையில்ல. கிளாட்ல 120 கேள்வி, ரெண்டு மணித்தியாலம், பிழைக்கு கால் மார்க் வெட்டு, பொது அறிவில இந்திய விசயம்தான் கூட.

கிழமைக்கு ஒருக்கா எல்சாட் தர்க்கக் கேள்வி கொஞ்சம் செய்தா நல்லது, கூற்றுக்கும் முடிவுக்கும் நடுவில என்ன ஓட்டை எண்டு பார்க்கப் பழக்கும், இங்கிலீஷும் கொஞ்சம் வரும். அதுக்கு மேல போகாதீங்க. வீடியோ பார்க்கிறது படிச்ச மாதிரி ஒரு நிம்மதியத் தரும், ஆனா பேனை எடுக்காம பார்த்த வீடியோ சோதினையில உதவாது.

கொழும்பில கிளாஸ் போகாட்டி சரிவராது எண்டு சொல்றாங்க. எங்களுக்கு அங்க ரூம் எடுக்க வசதியில்ல

சரிவரும். கிளாஸில குடுக்கிறது பேப்பரும் நேரக் கட்டுப்பாடும்தான், ரெண்டையும் இஞ்சயே உண்டாக்கலாம். மட்டக்களப்பு பொது நூலகத்திலயோ கல்முனை நூலகத்திலயோ மூண்டு நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில ஃபோன எல்லாம் ஒரு பையில போட்டு வெச்சிட்டு ஒரு முழுப் பேப்பர் எழுதுங்க, மறுகா ஒருத்தர்ட பேப்பர மற்றவர் திருத்துங்க. காசு வாங்கி "ஷுவர் கொஸ்டின்" எண்டு விக்கிறவங்களிட்ட மட்டும் போகாதீங்க, அப்பிடி ஒண்டு இல்ல. ஒருத்தரும் கூட இல்லாம தனியாத்தான் படிக்கிறீங்க எண்டா ஒரு ஸூம் கிளாஸில சேருங்க, கிழமைக்கு ஒண்டு போதும்.

பாஸ்ட் பேப்பருக்கு ஒவ்வொரு புத்தகத்திலயும் ஒவ்வொரு விடை இருக்கு. எத நம்புற?

இது நியாயமான கோவம். நிறையப் புத்தகங்கள் ஆளுக்காள் பார்த்து அடிச்சது, பழைய பிழை அப்பிடியே வருது. பொது அறிவு எண்டா மூல இடத்துக்குப் போங்க: அரசியலமைப்பு தமிழிலயே பாராளுமன்ற இணையத்தளத்தில இருக்கு, தேர்தல் விசயம் ஆணைக்குழுட தளத்தில இருக்கு. பழைய புத்தகத்தில இருக்கிற அமைச்சர் பேர், ஆளுநர் பேர் எல்லாம் இப்ப மாறியிருக்கும், அதத் தொடவே வேணாம். நுண்ணறிவு எண்டா காரணத்தோட சொல்ல ஏலுமான விடைய எடுங்க. நூலகக் கூட்டத்தில ரெண்டு பேர் ரெண்டு விடையோட வாதாடுறது தனியா பத்துக் கேள்வி செய்யிறத விட நல்லது, எப்பிடியும் பிற்காலத்தில அதுதானே தொழில்.

மாசக்கணக்கா மார்க்ஸ் ஒரே இடத்தில நிக்குது. ஏறுதே இல்ல. எனக்குத் தலையில ஒண்டும் இல்லயோ?

தலையில எல்லாம் இருக்கு. மார்க்ஸ் நிக்கிறது பேப்பர் செய்யிறது குறைஞ்சதால இல்ல, பிழைகளத் திரும்பப் பார்க்காததால. சரி எத்தனை எண்டு எண்ணிப்போட்டு அடுத்த பேப்பருக்குப் போறீங்க. ஒரு கொப்பி எடுங்க, பிழைச்ச ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில காரணம் எழுதுங்க: தெரியாது, தெரியும் ஆனா கேள்விய அரைகுறையா வாசிச்ச, நேரம் போதல. ரெண்டு கிழமையில எண்ணிப் பாருங்க. நான் பார்த்த கொப்பிகளில பெரிய பங்கு ரெண்டாவதுதான். "பிழையான கூற்று எது" எண்டு கேட்டிருக்கும், சரியான கூற்றத் தெரிவு செய்திருப்பாங்க. "அல்லாதது" எண்டத வாசிக்காம விட்டிருப்பாங்க. இதுக்கு இன்னும் கூடப் படிக்கிறது மருந்தில்ல, அந்தச் சொல்லுக்குக் கீழ கோடு போடுற பழக்கம்தான் மருந்து.

முதலாவது காரணம் கூட எண்டா மேல ஜிகேக்குச் சொன்ன மாதிரிப் படிங்க. மூண்டாவது கூட எண்டா கஷ்டமான கேள்வியோட மல்லுக்கட்டுறத விட்டுட்டு, அடையாளம் போட்டுத் தாண்டிப் போகப் பழகுங்க. இது போட்டிப் பரீட்சை, கஷ்டமான கேள்விக்கும் லேசான கேள்விக்கும் ஒரே மார்க் எண்டா லேசானத விட்டுட்டு வாறது பெரிய நட்டம்.

இங்கிலீஷ் மட்டும்தான் எண்டு சட்டம் வந்ததாமே, அப்ப தமிழில படிச்சவங்க போய் என்ன செய்யிற?

2020 கடைசியில படிப்பும் பரீட்சையும் இங்கிலீஷ்ல மட்டும் எண்டு வர்த்தமானி வந்த, பெரிய எதிர்ப்புக் கிளம்பின, 2023 மார்ச்ல பாராளுமன்றம் அந்த ஒழுங்குவிதிய வாக்கெடுப்பில தோற்கடிச்ச. அந்தப் பழைய செய்தியத்தான் இன்னும் ஷெயார் பண்ணிப் பிள்ளைகளப் பயப்படுத்துறாங்க.

ஆனா இங்கிலீஷ் வேணாம் எண்டு நான் சொல்லமாட்டன். மட்டக்களப்புக் கோட்டில வழக்கு தமிழில நடக்கும், அதே வழக்கு அப்பீலுக்கு கொழும்புக்குப் போனா இங்கிலீஷ். பழைய தீர்ப்புகள் இங்கிலீஷ். இப்ப நான் அப்ரெண்டிஸா நாள் முழுக்க வாசிக்கிறதும் அதுதான். இண்டைக்கே நாளுக்கு ஒரு சின்னச் செய்தி இங்கிலீஷ்ல வாசிக்கத் தொடங்குங்க, பயம் தன்னால போகும்.

எனக்கு 26 வயசு, ஸ்கூல்ல தொண்டராசிரியையா இருக்கன், வீட்டில கல்யாணம் பேசுறாங்க. மூண்டு வருசம் கொழும்பில எண்டா விடமாட்டாங்க. படிக்கிறதா விடுறதா?

படிங்க. வீட்டில கேக்கிறது பிழையான கேள்வி இல்ல, கொழும்பில எங்க தங்குற, மாசம் எவ்வளவு, முடிச்சா என்ன எண்டு அவங்களுக்குத் தெரியாது, தெரியாததால பயப்படுறாங்க. அதால "எனக்குப் படிக்கணும்" எண்டு மட்டும் சொல்லாதீங்க. நம்மட ஊரில இருந்து போய்ப் படிக்கிற, முடிச்ச பெண் பிள்ளைகள் இருக்காங்க, அவங்கள்ல ஒருத்தரக் கூட்டிப் போய் உம்மா வாப்பாவோட, அம்மா அப்பாவோட இருந்து கதைக்க வைங்க, ஹொஸ்டல் செலவ பேப்பரில எழுதிக் குடுங்க. மட்டக்களப்பு, கல்முனைக் கோடுகளில பிரச்சினையோட வந்து நிக்கிற பெம்பிளைகள் ஒரு பெண் சட்டத்தரணியக் கண்டவுடன எப்பிடிக் கதைக்கிறாங்க எண்டு நான் தினமும் பார்க்கிறன். நம்மட ஊருக்கு இது தேவை.

படிக்க நேரம் எண்டா, காலையில ஸ்கூலுக்கு முதல் ஒரு மணித்தியாலம் நுண்ணறிவு, பின்னேரம் பஸ்ஸில பத்திரிகை. அவ்வளவுதான் உங்களுக்கு ஏலும், அது போதும், ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பழகுற முழுப் பேப்பர மட்டும் விடாதீங்க.

ஒரு தரத்துக்கு மேல எழுதிட்டன், கிடைக்கல. விட்டுடவா?

முதல்ல அந்தப் பிழைக் கொப்பியப் பாருங்க. அப்பிடி ஒண்டு இல்லாமலேதான் ஒவ்வொரு தரமும் எழுதினீங்க எண்டா, ஒரே முறையில ஒரே பேப்பரத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கீங்க, முறைய மாத்தி இன்னொருக்கா எழுதத்தான் வேணும். கொப்பி வெச்சு ஒழுங்காப் படிச்சும் மார்க்ஸ் கிட்ட வரல எண்டா வேற வழியையும் சேர்த்துப் பாருங்க. திறந்த பல்கலைக்கழகத்தில எல்எல்பி இருக்கு, அதுக்குத் தனித் தெரிவுப் பரீட்சை, மட்டக்களப்பில அவங்கட நிலையம் இருக்கு, போய் விசாரிங்க. ரெண்டாவது கேள்வியில சொன்ன மாதிரி எல்எல்பி முடிச்சா இந்த என்ட்ரன்ஸ் இல்லாமலே லோ கொலேஜுக்குப் போகலாம். ரெண்டு சோதினைக்கும் படிப்பு பெரிய அளவில ஒண்டுதான், அதால ரெண்டுக்கும் போடுங்க. வேலைய விட்டுட்டு வீட்டில இருந்து இன்னொரு வருசம் படிக்கிறன் எண்டு மட்டும் போகாதீங்க, அந்தப் பாரத்தோட ஒருத்தராலயும் ஒழுங்கா வாசிக்க ஏலாது.

சென்டர் கொழும்பில விழுந்தா எப்பிடிப் போற? இரவு பஸ்ஸில போய் இறங்கி நேர எழுதலாமா?

வேணாம். கல்முனையில, அக்கரைப்பற்றில இருந்து இரவு பஸ்ஸில இருந்துபோட்டு விடிய இறங்கி, முகம் கழுவி, நேர மண்டபத்துக்குள்ள போற பிள்ளைக்கு கண் எரியும், அண்டைக்கு "அல்லாதது" எண்டு இருந்தா கண்ணில படாது. ஒரு நாள் முந்திப் போங்க, சொந்தக்கார வீடோ தெரிஞ்சாக்கள்ட ரூமோ பார்த்து வைங்க. ரயில் எண்டா ஓடுதா எண்டு முதல்ல கேட்டுப்போட்டு சீட் புக் பண்ணுங்க. அடையாள அட்டையும் அனுமதி அட்டையும் கைப்பையில, பெரிய பேக்கில இல்ல.

தமிழ்ல கேள்வியே விளங்காத மாதிரி மொழிபெயர்த்திருந்தா என்ன செய்யிற? போன முறை ஒரு கேள்விய மூண்டு தரம் வாசிச்சன்

அப்பிடிக் கேள்விகள் எந்தப் போட்டிப் பரீட்சையிலயும் வந்திருக்கு, உங்கட பிழையில்ல. மண்டபத்துக்குள்ள செய்யிறது: ரெண்டு தரம் வாசிங்க, மூண்டாந்தரம் வேணாம். விடைகளப் பாருங்க, நாலு விடையும் எதப் பற்றிக் கதைக்குது எண்டத வெச்சு கேள்வி என்ன எண்டு கனநேரம் பிடிச்சிடலாம். அப்பவும் விளங்கல எண்டா அடையாளம் போட்டுத் தாண்டுங்க, கடைசியில நேரம் இருந்தா வாங்க. பிழைக்கு மார்க் வெட்டு எண்டு பேப்பர் முகப்பில போடல எண்டா ஒரு கேள்வியையும் வெறுமையா விடாதீங்க, எண்டாலும் அந்த முகப்ப வாசிச்சுப்போட்டு முடிவெடுங்க.

வெளிய வந்த பிறகு கேள்வி இலக்கத்தையும் என்ன குழப்பம் எண்டதையும் அண்டைக்கே எழுதி வைங்க, கூட எழுதின பிள்ளைகளிட்டயும் கேளுங்க, கனபேருக்கு அதே கேள்வி எண்டா சேர்ந்து கையெழுத்து வெச்சு எழுத்தில முறைப்பாடு குடுங்க. தனியா ஃபேஸ்புக்ல எழுதினா ஒண்டும் நடக்காது. கடிதம் எழுதத் தெரியாட்டி வொய்ஸ் போடுங்க, சேர்ந்து எழுதுவம்.